பழனியாண்டி ஊத்து

புசல்லாவைக்கு மேலே மலைத் தோட்டமொன்றில் தண்ணிக்காரனாக இருந்தவன் காளிமுத்து. தண்ணிக்காரன் என்றதும் தோளில் குடம் வைத்த ஆளை நினைத்துவிடாதீர்கள். உச்சிக் காட்டில் ஊற்று, அங்கிருந்து இரும்புப் பைப்பு, பைப்பு வந்து விழ ஒரு சிமெந்துத் தாங்கி. தாங்கியிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயத்துப் பீலிக் குழாய்களுக்கும், தேயிலை ஸ்டோருக்கும், துரை பங்களாவுக்கும் தண்ணீர் போகும். இத்தனையும் ஒருத்தன் பொறுப்பு. விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, ஸ்பேனரையும் கொஞ்சம் சணலையும் சாக்கில் போட்டுக்கொண்டு ஏறினால், ஊற்று வாயை அடைத்த இலையை அள்ளி, ஒழுகுகிற மூட்டுக்குச் சணல் சுற்றி, மத்தியானத்துக்குத்தான் இறங்குவான். பீலியில் தண்ணீர் வந்தால் அவனை ஒருவருக்கும் ஞாபகம் வராது. நின்றால் மூன்று லயமும் சேர்ந்து அவன் பிறப்பை இழுக்கும். அதுதான் அந்த வேலைக்குக் கிடைத்த மரியாதை.

அப்பன் செய்த வேலை அது. அப்பன் போனபோது காளிமுத்துவுக்குப் பதினேழு வயது, தங்கச்சி ரத்தினம்மாவுக்கு ஏழு. ஆத்தா அதற்கும் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தாள். ரத்தினம்மாவுக்குத் தலை சீவிவிட்டது, ரொட்டி சுட்டுக் கொடுத்தது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அவன்தான். தனக்கென்று ஒருத்தியைக் கட்டிக்கொள்ள அவனுக்குத் தோன்றவே இல்லை. கேட்டவர்களுக்கு, "வர்றவ எந்தங்கச்சிய அடிச்சுப்புட்டா என்ன பண்றது?" என்பான். அவளைப் பழனியாண்டிக்குக் கட்டிக் கொடுத்த அன்று பந்தியில் சிரித்துச் சிரித்துப் பரிமாறிவிட்டு, தாங்கிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுததைச் சுப்பம்மா பார்த்திருக்கிறாள். சுப்பம்மா அடுத்த காம்பராக்காரி, நடுவே ஒரு சுவர்தான். அவள் பார்த்தால் தோட்டமே பார்த்த மாதிரி.

பழனியாண்டி கண்டி டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரன். சனிக்கிழமை வருவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போவான். யார் வந்தாலும் முதலில் கையில் ஒரு கோப்பை சூடாக எதையாவது கொடுத்துவிட்டுத்தான் பேசுவான். மச்சானும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகம். ஒரே விஷயத்தில்தான் இரண்டு பேரும் இரண்டு பக்கம். பிரஜாவுரிமைக்கு எழுதிய காலத்தில் காளிமுத்து இலங்கைக்கு எழுதிப் போட்டான், பழனியாண்டி இந்தியாவுக்கு எழுதிப் போட்டான். தோட்டத்து ஜனங்களை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் போட்ட பெரிய மனுஷர்கள் எங்கேயோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு என்று ஆகிப்போனது.

இனி அந்த மலைகளின் ஊற்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே ஊற்று சும்மா வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செத்தவர் உண்டு. காளிமுத்து இலை அள்ளுகிற உச்சிக் காட்டு ஊற்றுக்குப் பேரே கங்காணிச்சி ஊத்து. அந்தக் காலத்தில் கடல் தாண்டிக் காட்டுவழியாக நடத்திக் கூட்டி வந்த ஜனங்களில் கங்காணி பெண்சாதி ஒருத்தி, வாந்திபேதி கண்டு, தண்ணி தண்ணி என்று கேட்டே அந்த இடத்தில் செத்தாளாம். நோய்க்குப் பயந்து ஒருவரும் கிட்டப் போகவில்லையாம். மறுநாள் அவள் கிடந்த இடத்தில் தண்ணீர் பொங்கி நின்றதாம். உயிரோடு கேட்டபோது ஒரு மிடறு கொடுக்காத மண், செத்த பிறகு ஊரே குடிக்கக் கொடுத்ததாம்! என்ன நியாயமோ, மண்ணைத்தான் கேட்க வேண்டும். ஸ்டோருக்குப் பின்னால் இப்படி இன்னொன்று, ஆற்றுப் பக்கம் இன்னொன்று. தாகத்தோடு போனவர் எங்கே விழுந்தாரோ அங்கே தண்ணீர் வரும். இது தோட்டத்துச் சட்டம். காளிமுத்துவுக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. பாறை எப்படிச் சாய்கிறது, மழை எங்கே இறங்கி எங்கே வெளியே வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனாலும் கங்காணிச்சி ஊற்றில் கை வைக்குமுன் செருப்பைக் கழற்றிவிடுவான். எதற்கு வம்பு?

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம் அந்தக் கேடுகெட்ட வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை கண்டியில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று மத்தியானமே தோட்டத்துக்குச் செய்தி வந்துவிட்டது. பொழுது சாயுமுன் ரோட்டிலிருந்து ஒரு கும்பல் பொல்லுகளோடும் பெற்றோல் கேன்களோடும் ஏறி வந்து, கீழே இருக்கிற பணிய லயத்துக்கு நெருப்பு வைத்தது. ரத்தினம்மா இருந்தது அந்த லயத்தில்தான். காளிமுத்து அவளையும் அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு உச்சிக் காட்டுக்குள் ஓடினான். இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்கள். ஊற்றுத் தண்ணீர்தான் சாப்பாடு. சின்னது இருமினால் ரத்தினம்மா முந்தானையால் அதன் வாயைப் பொத்துவாள்.

இறங்கி வந்து பார்த்தால் பழனியாண்டி வரவில்லை. ஒரு வாரம் கழித்து கண்டி பஸ் கொண்டக்டர் ஒருவர், நல்ல மனுஷன், ஆள் அனுப்பித் தகவல் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை பழனியாண்டி அவருடைய பஸ்ஸில்தான் வந்தானாம். ஒன்பதாம் மைல் கட்டையில் இறங்கி, மேலே புகையைப் பார்த்துவிட்டு, கத்திக்கொண்டே குறுக்குப் பாதையில் ஓடினானாம். குறுக்குப் பாதை ஏறி முடிவது லயத்து வாசலில். அந்த அரைக் கட்டை தூரத்துக்குள் ஒரு முழு மனுஷன் காணாமல் போனான். பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். கண்டி அகதி முகாமில் தேடினால் இல்லை. தேயிலைச் செடிகளுக்குள் வரிசை வரிசையாகத் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

ரத்தினம்மாவும் பிள்ளைகளும் காளிமுத்துவின் காம்பராவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் அழவில்லை. சாயந்தரம் நான்கு மணிக்குக் கூடையை இறக்கி வைத்ததும் ஒன்பதாம் கட்டைக்கு இறங்கிப் போவாள். கண்டியிலிருந்து வருகிற பஸ் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கடைசி பஸ் போனதும் ஏறி வருவாள். ஆடி போய், ஆவணி போய், தீபாவளியும் போனது. தைப்பொங்கலுக்கும் போய் நின்றாள். ரோடு அப்போது இருந்த நிலைமைக்குத் தமிழ்ப் பொம்பளை ஒருத்தி தனியாக நிற்கிற இடமா அது? ஒரு நாள் லொறியில் போனவர்கள் எறிந்த கல் நெற்றியில் பட்டு இரத்தம் ஒழுக வந்தாள். காளிமுத்து தலையிலடித்துக்கொண்டு கத்தினான். மறுநாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு போனாள். அதற்கடுத்த நாள் மூத்த பிள்ளையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைக்குப் பதினொரு வயது.

இதற்குள் கண்டி இந்திய ஆபீஸிலிருந்து பாஸ்போர்ட் வந்துவிட்டது. வருகிற ஆவணிக்குள் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். ஏறாவிட்டால் எல்லாம் ரத்து. இங்கே தோட்டத்துக் கூலிப் பதிவான செக்ரோலிலும் அவள் பேர் வெட்டியாயிற்று. எரிந்தது ஒரு லயம், இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது என்று கடைத்தெருவில் எவனோ சொன்னதும் காளிமுத்து காதில் விழுந்திருந்தது. தங்கச்சியும் பிள்ளைகளும் கரை ஏறிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. ரத்தினம்மாவோ ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"அவரு வந்து கதவத் தட்டுறப்ப நான் இங்க இல்லாட்டி எப்படிண்ணே? அவரில்லாம நான் கப்பல் ஏற மாட்டேன்."

காளிமுத்து போய்ப் பெரிய மனுஷர்களைக் கேட்டான். கருமாதி பண்ணிவிட்டால் மனசு ஆறும், போய்விடுவாள் என்றான். உடுக்கையடித்துக் குறி சொல்கிற கோடாங்கிதான் தலையை ஆட்டி மறுத்தான். "ஒடம்பு இல்ல. அடையாளமும் இல்ல. உசிரோட இருக்கிறவன் பொண்டாட்டி தாலியக் கழட்டுன பாவத்த எவன் தலையில வெக்கிறது? ஒரு அடையாளம் காட்டு, செய்வோம்."

அடையாளம். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

குறுக்குப் பாதை திரும்புகிற இரண்டாவது முடக்கில், பாறைக்குக் கீழே, மண்ணுக்குள் ஒரு பழைய பைப்பு கிடந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் தேயிலை நாற்றுமேடைக்குத் தண்ணீர் கொண்டுபோன பைப்பு. நாற்றுமேடை போய் முப்பது வருஷம். பைப்பின் முனையை ஒரு கட்டையால் அடைத்து மூடியது காளிமுத்துவின் அப்பன். அதை அறிந்தவர் உயிரோடு வேறு யாருமில்லை. ஒரு மாசி மத்தியானம், ஆள்களெல்லாம் அடுத்த மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, காளிமுத்து அந்த முடக்கைத் தோண்டிக் கட்டையைப் பிடுங்கினான். மேலே கல்லையும் மண்ணையும் தள்ளி, பெயர்த்த புல்லைத் திரும்பப் பதித்தான். பிறகு உச்சிக்கு ஏறி, துருவேறிய பழைய வால்வை ஸ்பேனரால் மெல்லத் திறந்தான். அது முனகிக்கொண்டு திறந்தது. நாலு நாள் ஓடட்டும், பிறகு பூட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். பாவி மனுஷன், அவ்வளவு சுலபமாக நினைத்தான்.

மூன்றாம் நாள் சுப்பம்மாதான் கண்டாள். கூடையைப் போட்டுவிட்டு அவள் போட்ட கூச்சலில் மலை முழுக்க இறங்கி ஓடி வந்தது. மழை கண்டு ஒன்றரை மாதம், பீலிகளே நூலாக ஒழுகுகிற மாசி வெயில். அந்த வெயிலில் பாறைக்கடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சிவப்பாக வந்தது.

"ஐயோ, ரத்தமா வருதே! பழனியாண்டி ரத்தமால்ல வருது!" என்று சுப்பம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

துருதான் அது. முப்பது வருஷத்துத் துரு. காளிமுத்துவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரத்தினம்மா வந்தாள். நின்று பார்த்தாள். பிறகு மண்டியிட்டு அந்தச் சிவப்புத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். ஏழு மாதம் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

"தண்ணி கேட்டீங்களா? தாகமா இருந்துச்சா? நான் அந்தக் காட்டுக்குள்ளதானே ஒளிஞ்சு கெடந்தேன், ஒரு சத்தம் கூப்புட்டிருக்கக் கூடாதா? ஊத்துத் தண்ணிய நாங்க குடிச்சுக்கிட்டுக் கெடந்தோமே!"

காளிமுத்து காதைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் போய் வாந்தி எடுத்தான். வெயில் என்று நினைத்துச் சுப்பம்மா அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உடம்பு இல்லாத சாவுக்கு ஒரு கல்லை நட்டு, அதைச் செத்தவராக வைத்துக் குளிப்பாட்டுவார்கள். அந்த முடக்கில் கல் நட்டார்கள். அந்தத் தண்ணீரையே நீர்மாலையாக எடுத்து ஊற்றினார்கள். தாலி கழற்றியதும் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அது கூடப்பிறந்தவன் கடமை. காளிமுத்து வெள்ளைப் புடவையைத் தன் கையால் எடுத்துத் தங்கச்சியின் தலையில் போர்த்தினான். அவள் நிமிர்ந்து பார்த்து, "நீங்களாச்சும் இருக்கீங்களேண்ணே" என்றாள். அந்தப் பார்வையைத் தாங்க ஒரு கல்நெஞ்சு வேண்டும். அவனுக்கு அது இல்லை, ஆனாலும் தாங்கினான்.

எல்லாம் முடிந்து ஜனம் கலைகிறபோது கோடாங்கி மட்டும் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னமோ சரியில்ல காளிமுத்து" என்றான். "காரியம் முடிஞ்சா தண்ணி தெளியணும். இது கலங்கிக்கிட்டே வருது. ஆளுக்குப் பின்னால வந்த தண்ணியா தெரியல. முன்னால வந்து ஆளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற தண்ணி மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு உடுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த நாளே காளிமுத்து உச்சிக்கு ஓடி வால்வைப் பூட்டப் பார்த்தான். ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாம் சுற்றில் துருப்பிடித்த தண்டு முறிந்து கையோடு வந்துவிட்டது. திறந்தது திறந்தபடியே நின்றது. முடக்கைத் தோண்டி முனையை அடைக்கலாம் என்றால், அங்கே இப்போது இரவு பகலாக விளக்கு எரிகிறது, கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொம்பளைகள் வந்து போகிறார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூடப் போத்தலோடு வந்தார்கள். பழனியாண்டி ஊத்து என்று பேரும் விழுந்துவிட்டது. துரு கழுவிப் போன பிறகும் தண்ணீர் முழுக்கத் தெளியவில்லை. காளிமுத்து அந்தப் பாதையால் நடப்பதை விட்டான். சுற்றுவழியாகப் போய் வந்தான்.

ரத்தினம்மா ஒன்பதாம் கட்டைக்குப் போவதை நிறுத்தினாள். பிள்ளைகளுக்குத் தலை வாரினாள், சோறு சாப்பிட்டாள். கண்டி ஆபீஸில் புருஷன் செத்துவிட்டான் என்று எழுதிய காகிதத்துக்குச் சாட்சியாகக் காளிமுத்து பெருவிரலை உருட்டினான். கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. செய்தது சரிதான், சரிதான் என்று அவன் பீலியில் குளிக்கும்போதெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

புறப்பட எட்டு நாள் இருந்தது. டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கக் காளிமுத்து கட்டுகஸ்தோட்டைக்குப் போனான். பாலத்துக்குக் கிட்ட சித்தி றலியா என்ற முஸ்லிம் அம்மா ஒருவரின் பாத்திரக் கடை இருந்தது. பழனியாண்டி தான் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்குத் தட்டு, கோப்பை எல்லாம் அங்கேதான் வாங்குவான். காளிமுத்துவைக் கண்டதும் அந்த அம்மா கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"காளிமுத்து நானா! ஒங்களத் தேடி ஆள் அனுப்பத்தான் இருந்த. ஒங்கட மச்சான் உசிரோட ஈக்காராம்! எங்கட மகன் லொறியில வவுனியாவுக்குப் போற வாற. போன கெழம அங்கின கண்டு பேசினதாம். எண்ட பொஞ்சாதி புள்ளையள் ஈக்கிறாங்களாண்டு கேட்டுச் செல்லுங்கோண்டு அழுதாராம் அந்த மனுஷன்."

காளிமுத்து கதிரையைப் பிடித்துக்கொண்டான். பாலத்தின் மேல் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. "நான் சொல்லிக்கிறேன் அக்கா" என்று மட்டும் சொன்னான். பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

புசல்லாவை வரும்வரை மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லிவிட வேண்டும். சொன்னால்? அவள் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிடுவாள். வவுனியாவுக்கு இப்போதே போக வேண்டும் என்பாள். அங்கே தினம் துப்பாக்கிச் சூடு, தினம் சுற்றிவளைப்பு. கப்பல் தேதி போய்விடும், பிள்ளைகள் திரும்ப ரோட்டோரம் வந்து நிற்கும். லொறிக்காரப் பையன் சரியாகப் பார்த்தானோ என்னவோ? வேறு யாராவது இருக்கும். இருந்தாலும்தான் என்ன, இவர்கள் முதலில் கரை சேரட்டும். பிறகு அவனைத் தேடிப் பிடித்து அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டால் போயிற்று. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு காம்பராவுக்குள் நுழைந்தான். ரத்தினம்மா ஒரு போத்தலில் அந்த முடக்குத் தண்ணீரைப் பிடித்து மெழுகால் மூடிக்கொண்டிருந்தாள், ஊருக்குக் கொண்டுபோக.

"என்னண்ணே, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

வாய்வரை வந்தது. மூத்த பிள்ளையின் நெற்றியைப் பார்த்தான். போன தை மாதம் அதே இடத்தில் தங்கச்சிக்குப் பட்ட கல் ஞாபகம் வந்தது.

"பொட்டிக்குப் பூட்டு நல்லதா போட்டிருக்காங்க தங்கச்சி. அதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான்.

கம்பளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது மூன்று பேரும் ஜன்னலில் அழுதார்கள். அவன் ரயிலோடு ஓடி, பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றான். அடுத்த கப்பல் என்று கணக்குப் போட்டானே, அந்த ஐப்பசியோடு தலைமன்னார்க் கப்பலே நின்றுபோனது. சண்டை. வவுனியாப் பக்கம் ஆள் அனுப்பிக் கேட்டான். அப்படி ஒருவரைக் காணோம் என்று பதில் வந்தது.

இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. இந்தியாவில் கூடலூரிலிருந்து ரத்தினம்மாவின் கடிதம் வரும். மாமாவுக்கு என்று மூத்த பிள்ளைதான் எழுதும். தேயிலை வேலையாம், குளிராம், சின்னது பள்ளிக்கூடம் போகிறதாம். அப்பாவுக்குத் தெவசம் கொடுத்தார்களாம். ஊத்துல தண்ணி வருதா என்று கடைசி வரியில் கேட்டிருக்கும். காளிமுத்துவுக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ராஜலிங்கம் மாஸ்டர்தான் வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பார். தண்ணி வருது என்று எழுதச் சொல்லுவான். அது உண்மைதானே.

எண்பத்தாறு மார்கழியில் ஒரு மத்தியானம், குறுக்குப் பாதையிலிருந்து சுப்பம்மா அலறிக்கொண்டு ஓடி வந்து லயத்து வாசலில் விழுந்தாள். பேச்சு வரவில்லை. கையை மட்டும் காட்டினாள். அவளுக்குப் பின்னால், எலும்பும் தோலுமாய், மொட்டைத் தலையோடு பழனியாண்டி ஏறி வந்தான். தாடையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கித் தாகமாக இருந்ததாம். முடக்கில் புதிதாக ஒரு தண்ணீர் வந்ததைப் பார்த்து வயிறு முட்டக் குடித்தானாம். மஞ்சள் பூசின கல்லைப் பார்த்து, இது எந்தச் சாமி என்று சுப்பம்மாவைத்தான் கேட்டிருக்கிறான்.

அவன் கதை சின்னது. அன்றைக்குப் புகையைப் பார்த்து ஓடி வந்தவன், லயம் எரிவதையும் கும்பலையும் கண்டு தேயிலைக்குள் படுத்துக்கொண்டான். தன் காம்பராக் கூரை இடிந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தான். உள்ளே ஒருவரும் மிச்சமில்லை என்று நினைத்துப் புத்தி பேதலித்து நடந்தான். கண்டியில் அகதிகளோடு லொறியில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வருஷம் பண்ணைக் கூலி. பிறகு ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துத் தெற்கே ஒரு முகாமில் இரண்டு வருஷத்துக்குமேல் அடைத்தார்கள். கேள்வியும் இல்லை, வழக்கும் இல்லை. ஒரு நாள் போடா என்றார்கள்.

"றலியா அக்கா மகன்கிட்டச் சொல்லி விட்டேனே மச்சான். அடுத்த லொறி வர்றதுக்கு முன்னுக்கே என்னைய அள்ளிக்கிட்டுப் போய்ட்டானுங்க. ஒங்களுக்குத் தகவல் வரலையா?"

காளிமுத்து தரையைப் பார்த்தான். "வரல மச்சான்" என்றான்.

அடப்பாவி! அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊற்றும் தானாகத்தான் வந்தது, கருமாதியும் பெரியவர்கள் பேசித்தான் செய்தது என்று சொன்னான். பழனியாண்டி கோபப்படவில்லை. "எங்கயோ தண்ணி வந்துச்சுன்னா நான் செத்துருவேனா?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் எவ்வளவு உயரம் என்று கையால் அளந்து காட்டச் சொன்னான்.

பதினோரு நாள் இருந்தான். லயத்து ஜனம் அவன் எதிரே வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. அவன் பீலியில் குளித்தால் அவன் போன பிறகு மஞ்சள் தெளித்தார்கள். காரியம் முடிந்த ஆளுக்குத் திரும்பப் பேர் வைத்து, திரும்பத் தாலி கட்டவைத்துத்தான் சேர்க்க வேண்டும் என்றான் கோடாங்கி. தாலி கட்ட ரத்தினம்மா எங்கே இருக்கிறாள்? கண்டி ஆபீஸுக்குப் போனான். அங்கே அவன் செத்தவன். சாட்சிக் கைநாட்டோடு எழுதி முடித்த சாவு. அதை மாற்ற எத்தனை மாதம், எத்தனை வருஷம் ஆகுமோ என்றார்கள்.

"மன்னார்ப் பக்கமிருந்து இந்தியாவுக்கு மோட்டார் போட்டு போகுதாம் மச்சான். நான் போறேன்" என்றான் பழனியாண்டி. "செத்தவன் பேருல கடுதாசி போனா எவனோ வெளையாடுறான்னு நெனப்பா. நீங்க எழுதுனா நம்புவா. நான் வர்றேன்னு ஒரு கடுதாசி மட்டும் போட்டுருங்க."

"போட்றேன்" என்றான் காளிமுத்து.

போடவில்லை. மாஸ்டர் வீட்டு வாசல்வரை இரண்டு தடவை போனான். எழுதினால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் ஒருவர் காதில் சொல்ல வேண்டும். அவன் நேரில் போய் நின்றால் அந்தச் சந்தோஷத்தில் தங்கச்சி ஒன்றும் கேட்கமாட்டாள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பினான்.

ஒரு மாதம் கழித்துக் கட்டுகஸ்தோட்டையில் சித்தி றலியா அவனைக் கடைவாசலில் மறித்தார். "நானா, அவர் வடக்கால போகக்க இங்க வந்த. என்னைக் கேட்ட, நான் ஒங்களுக்கிட்ட செல்லி விட்டதச் சென்ன. பொய் செல்ல எனக்கேலுமா? தண்ணி கேட்டார். ரெண்டு கோப்ப வாங்கிக் குடிச்சிட்டு பஸ் ஏறிட்டார்."

தண்ணி கேட்டார். காளிமுத்துவுக்கு அந்தச் சொல் மட்டும் காதில் நின்றது. அன்றைக்குக் குறுக்குப் பாதையில் இறங்கி, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த முடக்கில் நின்றான். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. கல்லும் மணலும் அடிவரை தெரிந்தன. மழைக்காலம், அதனால் தெளிந்திருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். கூடலூரிலிருந்து கடிதம் வரட்டும், வந்து சேர்ந்தார் என்று ஒரு வரி வரட்டும் என்று காட்டில் இருக்கிற கங்காணிச்சியைக் கும்பிட்டான்.

கடிதம் சித்திரையில் வந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வெறும் வாங்குப் பலகைகளுக்கு நடுவே, ராஜலிங்கம் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"அன்புள்ள மாமாவுக்கு, அம்மா சொல்ல எழுதுவது. நாங்கள் சுகம். போன மாதம் மண்டபம் முகாமிலிருந்து ஒரு குடும்பம் இங்கே வேலைக்கு வந்திருக்கிறது. மன்னாரிலிருந்து போட்டில் வந்தவர்கள். இவர்களோடு புறப்பட்ட இன்னொரு போட்டு நடுக்கடலில் கவிழ்ந்து ஒருவரும் மிஞ்சவில்லையாம். அதில் நம்முடைய தோட்டத்து ஆள் ஒருவர் இருந்தாராம். பெயர் பழனியாண்டியாம். பெண்சாதி பிள்ளைகளைத் தேடிப் போகிறேன் என்று சொல்லி, கரையில் காத்திருந்த எல்லோருக்கும் கோப்பி போட்டுக் கொடுத்தாராம். நம்முடைய தோட்டத்தில் அப்பா பெயரில் வேறு யார் மாமா இருந்தது? அம்மா எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லையாம். அவருடைய பெண்சாதி யாரென்று விசாரித்து எழுதுங்கள். பாவம், அவளுக்குத் தகவல் தெரியாமல் எங்கேயாவது பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அம்மா அழுகிறார்கள்."

மாஸ்டர் வாசிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பழனியாண்டி வந்து போனது தோட்டம் முழுக்கத் தெரியும். அவருக்கும் தெரியும். காளிமுத்து சிறு பிள்ளைகளின் வாங்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மண்ணில் விழுந்தவனுக்கு ஊற்று வரும். கடல் நடுவே விழுந்தவனுக்கு எந்த மண் ஊற்றெடுத்துக் காட்டப்போகிறது? அத்தனை தண்ணீருக்கு நடுவில் அவனுக்குத் தாகம் எடுத்திருக்குமே என்று நினைத்தான். நினைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

மாஸ்டர் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, பேனாவைத் திறந்தார்.

"என்னன்னு எழுதட்டும் காளிமுத்து?"

"அந்தப் பேருல வேற யாரும் இல்லன்னு எழுதுங்க மாஸ்டர்."

பேனா தாளுக்கு மேலே நின்றது.

"எழுதுங்க" என்றான் காளிமுத்து. "அதுக்குக் கீழ, அது ஊத்து இல்ல, நான் தொறந்து விட்ட பைப்புத் தண்ணின்னு எழுதுங்க."